குளியலறைக்கு ஒரு சுவர் குறைகிறது

தம்பி,

இங்கே நானும் அப்பாவும் சுகம். குளியலறைதான் சுகமில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் போதாதா என்று நீ கேட்பாய். போனில் நான் கதையைத் தொடங்கினால் நீ ஒரு காதை எனக்கும் மறு காதை வீதிக்கும் கொடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறாய். நான் முக்கியமான இடத்துக்கு வரும்போது உனக்கு இறங்கவேண்டிய இடம் வந்துவிடுகிறது. ஆகவே தாளில் எழுதி, யோகனைக் கொண்டு படமெடுத்து உனக்கு அனுப்புகிறேன். எழுத்துச் சின்னதாகத் தெரிந்தால் பெரிதாக்கி வாசி. எங்கள் மேசன் யோகன் அனுப்புவதற்கு முன்னால் தானும் வாசிப்பான் என்று எனக்குத் தெரியும். வாசிக்கட்டும். இதிலுள்ள ஏச்சில் அவனுக்கும் கொஞ்சம் சேர வேண்டியிருக்கிறது.

உனக்குத் தெரிந்த கதைதான் என்றாலும் முதலிலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் உனக்குத் தெரிந்தது பாதிதான். அப்பா கிணற்றடியில் வழுக்கி விழுந்து, தொடை எலும்புக்குக் கம்பி வைத்து, ஊன்றுகிற பொல்லும் கையுமாக வீட்டுக்கு வந்தார். படுக்கையறைக்கும் குளியலறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். ஆனால் வாசல் பின்வளவுப் பக்கம் இருந்ததால், குசினியைச் சுற்றி, படி இறங்கி, முற்றத்தால் நடந்துதான் உள்ளே போக வேண்டும். உள்ளே போனால் ஒரு சீமெந்துத் தொட்டி, குந்தியிருக்கிற கக்கூசு, துருப்பிடித்த இரும்புக் குழாய். காலையில் முதல் வாளித் தண்ணீர் தேத்தண்ணீர் நிறத்தில் வரும். கம்பி வைத்த காலோடு அவர் எப்படிக் குந்துவார், இதையெல்லாம் உடைத்து மாற்ற வேண்டும் என்று நீ சொன்னபோது நான் மறுக்கவில்லை. சொல்லப்போனால் எனக்குப் பெருமையாகவும் இருந்தது. கனடாவில் நீ செய்யும் தொழிலே இதுதானே. அங்கே ஊரிலுள்ளவர்களின் குளியலறைகளை எல்லாம் உடைத்துப் புதிதாக்குகிற பிள்ளைக்கு எங்கள் வீட்டுக் குளியலறை ஒரு காரியமா என்று நினைத்தேன். அந்த நினைப்பில்தான் நீ கீறி அனுப்பிய படத்துக்கும் தலையாட்டினேன்.

படம் நல்ல வடிவாகத்தான் இருந்தது. பழைய சுவரை எடுத்துவிட்டு மேலே பீம் போடுவது. படுக்கையறைக்குள் கொஞ்சம் தள்ளிப் புதுச் சுவர் எழுப்புவது. அதில் ஒரு வாசல் வைத்தால் அப்பா கட்டிலால் எழும்பி நாலு எட்டில் உள்ளே போய்விடலாம். தொட்டிக்குப் பதிலாக மேலிருந்து கொட்டுகிற சவர், குந்துவதற்குப் பதிலாக கொமட், பக்கத்தில் பிடித்து எழும்ப ஒரு கைபிடி. இவ்வளவுக்கும் யாரும் குற்றம் சொல்ல ஏலாது. ஆனால் அந்தப் புதுச் சுவரைக் கல்லால் கட்டாமல் பிரேம் அடித்துச் செய்ய வேண்டும் என்றாயே, அங்கேதான் தொடங்கியது தலையிடி. பிரேம் என்றால் எங்களுக்குத் தெரிந்தது சாமிப் படத்துக்கும் செத்தவர்களின் படத்துக்கும் போடுவது. யோகன் கதவு நிலையாக்கும் என்றான். அப்பா, குளியலறைக்குள் ஏன் படம் மாட்டச் சொல்கிறான் என்று கேட்டார். பிறகு நீ வீடியோவில் வந்து, மரச் சட்டங்களை நிறுத்தி, நடுவில் குழாய்களை ஓட்டி, மேலே தண்ணீர் ஊறாத பலகை அடித்து, அதன்மேல் ரைல்ஸ் ஒட்டுவது என்று விளக்கினாய். அத்திவாரம் இல்லாத இடத்தில் பாரமான சுவர் கூடாது என்று காரணமும் சொன்னாய். காரணம் சரியாக இருக்கலாம். ஆனால் நாங்கள் இருப்பது உடுவிலில். இங்கே கறையான் மரத்தைக் கண்டால் விடாது என்பது, இந்த வீட்டில் பிறந்து வளர்ந்த உனக்குமா மறந்துபோனது? உன் பள்ளிக்கூடப் புத்தகங்களை அலுமாரியோடு சேர்த்துக் கறையான் தின்றதைப் பார்த்து நீ சோதனை எழுதத் தேவையில்லையென்று சந்தோசப்பட்டவன்.

யோகன் அதைத்தான் உனக்குச் சொல்லப் பார்த்தான். அவன் சொல்லுகிற விதம் சரியில்லை, அதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஒரு நாள் வருவான், இரண்டு நாள் கோயில் திருவிழா என்பான், பிறகு யாரோ புதுவீட்டுக் குடிபூரல் என்பான். ஆனால் அலவாங்கை எடுத்தால் வேலை செய்வான். பழைய சுவரை உடைத்து விழுத்தினான், பீம் போட்டான், கொமட் வைத்தான். நீ படத்தில் காட்டிய இடத்திலேயே தரையைத் தோண்டி, சுடுதண்ணீருக்கு ஒன்றும் பச்சைத்தண்ணீருக்கு ஒன்றுமாகக் குழாய்களை நிமிர்த்தி, உச்சியில் சவரையும் பூட்டினான். பச்சைத்தண்ணீர்க் குழாய்க்குத் தண்ணீரும் விட்டுப் பார்த்தாயிற்று. சுவர் மட்டும்தான் மிச்சம். சட்டங்களை வாங்கி இறக்கியிருந்தோம். அவற்றுக்கு எத்தனை அங்குலம் இடைவெளி விடுவது, ஆணியா திருகாணியா என்று உனக்கும் யோகனுக்கும் போனில் பெரிய வாக்குவாதம் நடந்தது நினைவிருக்கும். அப்பா போனை லவுட்டில் போட்டு மடியில் வைத்திருந்தார். நீ கடைசியில் களைத்துப்போய், "சுவரை விடுங்கோ அப்பா, அதை நான் பாக்கிறன். சரி, அப்ப வாறன்" என்று சொல்லிக் கட் பண்ணினாய்.

அவ்வளவுதான். அப்பா போனை என்னிடம் தந்துவிட்டு யோகனைப் பார்த்து, நீர் சாமான்களை எடுத்துக்கொண்டு போம், சுவரை மகன் வந்து அடிப்பான் என்றார். என் பக்கம் திரும்பி, "கேட்டனீரே? தான் பாக்கிறானாம். வாறானாம்" என்றார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் என்ன சொல்ல? மற்றப் பிள்ளைகள் போனை வைக்கும்போது "வைக்கிறன்" என்கிறார்கள். நீ ஒருவன்தான், கனடாவுக்குப் போன நாளிலிருந்து, ஏதோ வாசற் படலையில் நின்று சைக்கிளில் ஏறுகிறவன் மாதிரி ஒவ்வொரு முறையும் "வாறன்" என்று சொல்லி வைக்கிறாய். எனக்கு அது பழகிவிட்டது. அப்பாவுக்கு அன்றைக்குத்தான் புதிதாகக் கேட்டது என்று நினைத்தேன். இரண்டு கிழமை போனால் தானாக விளங்கும் என்று விட்டேன்.

விளங்கவில்லை. மழைக்காலம் வந்து போய்விட்டது. சுவர் வரவேண்டிய இடத்தில் ஒரு நீலத் தறப்பாள் திரைபோலத் தொங்குகிறது. அதற்கு இந்தப் பக்கம் எங்கள் கட்டில், அந்தப் பக்கம் கொமட். சுகம் விசாரிக்க வருகிற சனத்துக்கு நான் கதிரையைத் தறப்பாளுக்கு முதுகு காட்டிப் போடுகிறேன். அவர்கள் இருந்து கதைத்துக்கொண்டிருக்கும்போதே அப்பா பொல்லை ஊன்றிக்கொண்டு தறப்பாளை விலக்கி உள்ளே போவார். பிறகு எல்லோரும் சத்தமாக வெங்காய விலையைப் பற்றிக் கதைக்கிறோம். குழாய்கள் சாய்ந்துகொள்ள ஒன்றுமில்லாமல், தோட்டத்தில் கொடிக்கு நட்ட தடி போலத் தனியாக நிற்கின்றன. ஒரு கம்பைச் சேர்த்துக் கயிற்றால் கட்டிவைத்திருக்கிறேன். சுவர் இல்லாமல் ஹீற்றரைப் பூட்ட ஏலாது என்றான் யோகன். ஆகவே முன்போலவே குசினியில் தண்ணீர் கொதிக்க வைத்து வாளியில் தூக்கி வந்துதான் இந்த மனிசனைக் குளிக்க வார்க்கிறேன். இதற்கு நடுவில் உன் சட்டங்களுக்கு நடக்கிற உபசாரத்தை நீ பார்க்க வேண்டும். விறாந்தையில் செங்கல் வைத்து அதன்மேல் அடுக்கி, கழிவு ஒயில் பூசி, காலையில் எழுந்ததும் ரோச் லைற் அடித்து ஒவ்வொன்றாகக் கறையான் பார்க்கிறார். தன் மருந்துக் குளிசையை நான் ஞாபகப்படுத்த வேண்டும். சட்டங்களை யாரும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை.

இதற்கெல்லாம் அந்த ஒரு சொல்தான் காரணம் என்பதால் உனக்கு ஒன்றை ஞாபகப்படுத்துகிறேன். நீ ஆறாம் வகுப்போ ஏழாம் வகுப்போ படிக்கும்போது, ரியூசனுக்கு ஓடுகிற அவசரத்தில் "போறன்" என்று கத்திவிட்டுப் படலையைத் திறந்தாய். அப்பா உன்னைத் திருப்பிக் கூப்பிட்டுக் கதிரையில் இருத்தி, ஒரு கோப்பை தண்ணீர் குடிக்க வைத்து, "வாறன்" என்று சொல்லச் சொல்லித்தான் விட்டார். ரியூசனுக்குப் பிந்திப் போய் வாத்தியாரிடம் அடி வாங்கினாய். வந்து என்னோடு சண்டை பிடித்தாய். நானும் அப்பாவோடு சண்டை பிடித்தேன். சின்னப் பிள்ளை வாய் தவறிச் சொன்னதற்கு இவ்வளவு வேண்டுமா என்று கேட்டேன். அவர் அசையவில்லை. அவர் அப்படித்தான். சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடக்கத் தொடங்கிய அன்றைக்கும், நான் உன்னையும் ஒரு பையையும் இழுத்துக்கொண்டு வீதிக்கு இறங்கிவிட்டேன். அவர் கதவைப் பூட்டிவிட்டு, ஆளில்லாத வீட்டைப் பார்த்து, "வாறம்" என்று சொன்னார். எனக்கு அந்த நேரத்தில் வந்த கோபத்துக்கு அளவில்லை. திரும்பி வந்தபோது கூரை இல்லை, கதவு நிலை இல்லை, கிணற்றுக் கப்பிகூட இல்லை. முழுதாக நின்றது அந்தக் குளியலறை மட்டும்தான். அதற்குள் அடுப்பு மூட்டித்தான் முதல் சோறு சமைத்தேன். வாறம் என்று சொன்னோம், வந்தோம் என்று அப்பா யார் கேட்டாலும் சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார்.

ஆகவே உனக்கு நான் சொல்லக்கூடிய புத்தி ஒன்றிருந்தால் அது இதுதான். தொழிலில் நீ கெட்டிக்காரன், சுவர் அடிக்க நான் உனக்குச் சொல்லித் தரப்போவதில்லை. ஆனால் உன் பேச்சில் ஒரு பழக்கம் இருக்கிறது. கஷ்டமான இடம் வந்தால் "நான் பாக்கிறன்" என்று சொல்லி மூடிவிடுகிறாய். கேட்கிறவர்களுக்கு அது ஆறுதல், உனக்கு அது தப்பிக்கிற வழி. உன் மனைவியிடமும் இப்படித்தான் கதைக்கிறாயோ தெரியாது. கதைத்தால், அந்தப் பிள்ளை பாவம். ஏலாது என்றால் ஏலாது என்று சொல். லீவு இல்லை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், இந்த வருசம் வர முடியாது, யோகன் கல்லால் கட்டட்டும் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கு இரவு அப்பா சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டார். அடுத்த நாள் சாப்பிட்டிருப்பார். சுவரும் எழும்பியிருக்கும். ஏன் அம்மா நீங்கள் என்னிடம் நேராகக் கேட்கவில்லை என்று நீ என்னைத் திருப்பிக் கேட்கலாம். கேட்டால் வரமாட்டேன் என்று சொல்லிவிடுவாய் என்ற பயம்தான், வேறொன்றுமில்லை. அதனால்தான் லீவு எப்போது, டிக்கற் விலை எப்படி என்று வளைத்து வளைத்துக் கேட்டேன். நீ அங்கே கொட்டுகிற பனியைப் பற்றி மறுமொழி சொன்னாய். கடைசியில் "வாறன்" என்று வைத்தாய். அதை அப்பா லவுட்டில் கேட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது போன செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். பயப்படாதே, அவருக்கு ஒன்றுமில்லை. நான் குசினியில் இருந்தேன். இவர் கொமட்டிலிருந்து எழும்பியிருக்கிறார். பொல்லு ஈரத்தில் வழுக்கிவிட்டது. பிடிக்கக் கைபிடி இல்லை. கைபிடி பூட்டச் சுவர் இல்லையே. அந்தக் கைபிடிக்காகத்தானே இவ்வளவு உடைப்பும் என்று எனக்கு இப்போது நினைத்தாலும் கொதிக்கிறது. முதலில் தறப்பாளைப் பிடித்திருக்கிறார், அது கிழிந்து கையோடு வந்துவிட்டது. பிறகு குழாயைப் பிடித்திருக்கிறார், அது அடியோடு முறிந்தது. நான் சத்தம் கேட்டு ஓடினால், இவர் தறப்பாளைப் போர்த்துக்கொண்டு தரையில் இருக்கிறார். தண்ணீர் கூரைவரை பீறி அடித்து, படுக்கையறைக்குள்ளால் ஓடி, விறாந்தைக்கு வந்து படி இறங்குகிறது. தண்ணீர்த் தாங்கியின் வால்வை ஓடிப்போய்ப் பூட்டிவிட்டு வந்து கேட்டேன், எங்கே நோகிறது என்று. அவர் சொன்ன முதல் பேச்சு, "சட்டம் நனைஞ்சு போச்சோ எண்டு பாரும்" என்பது. தம்பி, நாற்பது வருசத்துக்கு மேலாக இந்த மனிசனோடு வாழ்கிறேன். அன்றைக்கு மாதிரி எனக்கு ஒருநாளும் ஆத்திரம் வந்ததில்லை.

அவரைத் தூக்கி இருத்தி, உடுப்பு மாற்றி, ஒரு இடமும் முறியவில்லை என்று பார்த்த பிறகு நான் வாயை அடக்கவில்லை. எல்லாவற்றையும் கொட்டினேன். "அவன் வாறன் எண்டு சொன்னது வாறதுக்கில்லை. போனை வைக்கிறதுக்கு. உங்களுக்கு இன்னும் விளங்கேல்லையே?" என்று கேட்டேன். கேட்டவுடன், சொல்லியிருக்கக் கூடாது என்று பட்டது. முகம் வாடிப்போகும் என்று பயந்தேன். அவர் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே, "விளங்காமல் என்ன. எனக்கு அண்டைக்கே விளங்கினது" என்றார்.

அவர் கையிலிருந்த துவாயைப் பிடுங்கினேன். பிறகு, "அப்ப என்னத்துக்கு இவ்வளவு காலமும் சுவரைக் கட்ட விடாமல் வச்சிருந்தனீங்கள்?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தறப்பாள் இல்லாமல் திறந்து கிடந்த அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கூரை போட்டாச்சு. கிணறு கட்டியாச்சு. காணிக்கு மதில் எழுப்பியாச்சு. உந்தச் சுவரையும் கட்டிப்போட்டால், அவனுக்கு இஞ்சை வந்து செய்ய என்ன வேலை கிடக்கு?"

 தண்ணீர் துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டு விறாந்தைக்குப் போனேன். சட்டங்களையும் துடைத்து வைத்தேன். அழுதேன்தான், அதை மறைக்கவில்லை, ஆனால் பாதிக்கு மேல் கோபத்தில்தான் அழுதேன். நீ ஒரு பக்கம் வராமல் வாறன் என்கிறாய். இவர் ஒரு பக்கம் நீ வரமாட்டாய் என்று தெரிந்துகொண்டே இடம் வைத்துக் காத்திருக்கிறார். நடுவில் நான் வாளியும் துணியுமாக நிற்கிறேன். உங்கள் இருவருக்கும் நேராகக் கதைக்கத் தெரியாததற்கு என் இடுப்பா உடைய வேண்டும்?

அடுத்த நாள் காலையில் நானே யோகனுக்குப் போன் எடுத்தேன். மெல்லிய சீமெந்துக்கல் இறக்கச் சொன்னேன். அந்தத் தரை அந்தக் கல்லைத் தாங்கும் என்கிறான். தாங்கும் தாங்காது என்று நீயும் அவனும் பிறகு சண்டை பிடியுங்கள். கல் இப்போது படலையடியில் அடுக்கியிருக்கிறது. முறிந்த குழாயையும் மாற்றிவிட்டான். வருகிற திங்கட்கிழமை வேலையைத் தொடங்குவதாகச் சொல்லியிருக்கிறான், யோகனின் திங்கட்கிழமை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரிந்தாலும், இந்த முறை வருவான். கைபிடியை அவனே தன் கையால் பூட்டித் தருவதாகச் சொன்னான். அப்பா கல்லைப் பார்த்தார்.  காலையில் ரோச் லைற்றை எடுத்துக்கொண்டு விறாந்தைக்குப் போவதையும் விடவில்லை.

திங்களுக்கு முதல் ஞாயிறு வருகிறது. நீ வழக்கம்போல எடுப்பாய். நான் வழக்கம்போல லவுட்டில் போடுவேன். பிள்ளைகளைக் கதைக்கச் சொல், கேட்க அவருக்கு விருப்பம். பனியைப் பற்றியும் சொல். ஆனால் முடிக்கும்போது கவனம். வர ஏலாது என்றால் அதை அப்பாவிடமே சொல்லிவிட்டு, எல்லோரையும் போல "வைக்கிறன்" என்று சொல்லி வை. சுவர் எழும்பட்டும். உன்மேல் எங்களுக்குக் கோபம் இருக்காது. "வாறன்" என்று மட்டும் வெறுமனே சொல்லாதே. சொன்னாயோ, இந்த மனிசன் படலையடிக்குப் போய் நின்று யோகனைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

நானும் தடுக்க மாட்டேன்.

அம்மா